இரவல் பவளம்

பவளத்தின் அடித்தண்டில் வெள்ளை விழுந்திருப்பதை ஜெனோவா காலையில் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் நின்றபோது பார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவுதான். நேற்றுவரை பழுப்பும் பச்சையுமாகச் சதை மூடியிருந்த இடத்தில் இப்போது வெறும் எலும்பு தெரிந்தது. கணவனைக் கூப்பிட்டாள். பிலவேந்திரன் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கக் குனிந்து பார்த்து, "லைட்டு வெளிச்சத்துல அப்பிடித் தெரியுதோ என்னமோ" என்றான். அவனுக்கே நம்பிக்கையில்லை என்பது குரலில் தெரிந்தது.

ஒரு பவளத்துக்கு இவ்வளவு பதறுவானேன் என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக் கடலில் பவளப் பாறைகள் இருந்தன என்பதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்க முடிந்த காலம் அது. கடல் சூடேறி எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அதே சூட்டிலோ, தண்ணீரிலோ, காற்றிலோ (ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஜோசியர்கள் தனியாக ஒன்று வைத்திருந்தார்கள்) பெண்கள் கருத்தரிப்பதும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பிள்ளை வேண்டுமென்றால் கருவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணவன் மனைவி இருவரின் உயிரணுக்களையும் வாங்கிக் கண்ணாடிப் பைகளில் வளர்த்துக் கொடுப்பார்கள். பைகள் குறைவு, வரிசை நீளம். யாருக்கு முதலில் கொடுப்பது என்று அரசாங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது யாரோ ஓர் அதிகாரி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும், பவளம், பிள்ளை ஆகிய இரண்டு கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். பிள்ளை கேட்கிறவர்கள் முதலில் ஒரு பவளத்தை ஒரு வருடம் உயிரோடு வளர்த்துக் காட்டட்டும். காட்டினால் பெற்றோராகத் தகுதி உண்டு என்று அர்த்தம். வளர்ந்த பவளத்தைத் திருப்பி வாங்கிக் கடலில் நட்டால் கடலும் பிழைத்துக்கொள்ளும். பவள வளர்ப்பு வாரியம் என்று பெயர் வைத்து ரிப்பனும் வெட்டிவிட்டார்கள்.

பவளம் செத்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஜெனோவாவுக்கு நாற்பத்தொன்று முடியப் போகிறது. நாற்பத்திரண்டுக்கு மேல் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். வருடக் கடைசி ஆய்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. நகம் அளவு வெள்ளைக்கு அவள் பதறியதில் ஆச்சரியமில்லை.

தொட்டியோடு வாரியம் ஒரு 'கவனிப்பான்' கொடுத்திருந்தது. தண்ணீரின் உப்பு, சூடு, சுண்ணாம்புச் சத்து எல்லாவற்றையும் தானே அளந்து, செய்தி வாசிப்பவர் தமிழில் பேசும் இயந்திரம். பிலவேந்திரன் அதைத் தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னான்.

"நீரின் தரம் மிகச் சிறப்பாக உள்ளது. வாழ்த்துகள்" என்றது கவனிப்பான். பிறகு சில கேள்விகள் கேட்டது. சதை அடியிலிருந்து உரிகிறதா, நுனியிலிருந்தா? ஒரே நாளில் உரிந்ததா, மெல்ல மெல்லவா? மீன்கள் கொத்துகின்றனவா? எல்லாவற்றுக்கும் இருவரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள்.

"இறுதிக் கேள்வி. அண்மையில் வேறு பவளம் எதையும் இத்தொட்டியில் வைத்தீர்களா? அல்லது இந்தப் பவளம் வேறு தொட்டிக்குச் சென்றதா?"

ஜெனோவா வாயைத் திறந்தாள். அதற்குள் பிலவேந்திரன், "கிடையாது" என்றான்.

"நன்றி. அவ்வாறெனில் பூச்சித் தொல்லைக்கு வாய்ப்பில்லை" என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்தைக் குறைக்கவும், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும், பொறுமை காக்கவும் கவனிப்பான் பரிந்துரைத்தது. பாவம், அது கெட்டிக்கார இயந்திரம்தான். நாள் பூராவும் பீடி குடித்துவிட்டு டாக்டரிடம் தொட்டதே இல்லை என்று சாதிக்கிற மனிதர்களைப் பற்றி அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உண்மை என்னவென்றால், ஜெனோவா வீட்டுப் பவளம் அந்தக் குடியிருப்பின் அத்தனை மாடிக்கும் போய் வந்திருந்தது.

கடலரசி குடியிருப்பில் பவளம் வாங்கியிருந்தவை ஏழு வீடுகள். முதல் ஆய்வு வருவதற்குள் ஆறு வீட்டில் செத்துவிட்டது. பவளம் அப்படிப்பட்ட ஜீவன். அன்பு குறைந்தாலும் சாகும், கூடினாலும் சாகும். இரண்டாம் மாடியில் தீனி போட்டே கொன்றார்கள். மூன்றாம் மாடி சொர்ணவல்லி கோயில் தீர்த்தத்தைச் செம்போடு கொண்டுவந்து தொட்டியில் முக்கி எடுத்தாள். செம்பு பவளத்துக்கு விஷம் என்று கோயிலில் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்தாம் மாடிக்காரர் தன் பவளம் செத்ததை மறைக்கத் துறைமுகப் பக்கம் திருட்டுத்தனமாக வேறொரு பவளத் துண்டு வாங்கி வைத்து, அதுவும் தேறவில்லை.

அப்போதுதான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோமதிநாயகம் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி முன்பு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதிவாளராக இருந்தவர். ஆய்வுக் குழு வருகிற அன்று பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்களை வேனில் ஏற்றிவந்து நாற்காலியில் உட்காரவைப்பதும், ஆய்வுக்கூடத்து இயந்திரங்களை இரவல் வாங்கி, குழு கேன்டீனில் வடை சாப்பிடும்போது அடுத்த கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அவருக்குக் கைவந்த கலை. நாற்பது பேராசிரியர்களை இடம் மாற்றியவருக்கு ஒரு பவளம் எம்மாத்திரம்?

"ஒரு மணி நேரந்தாம்மா" என்றார் ஜெனோவாவிடம். "பாத்துட்டுப் போயிருவாக. உங்க பொருள் உங்க வீட்டுக்கு வந்துரும்."

ஜெனோவா மறுத்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பின்னால் சொர்ணவல்லி நின்றிருந்தாள். ஜெனோவாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பிள்ளை கேட்டு நிற்கிறவளிடம் இல்லை என்று சொல்ல இன்னொரு பிள்ளை கேட்டு நிற்கிறவளுக்கு வாய் வரவில்லை.

ஏற்பாடு எளிமையானது. ஆய்வாளர் எட்டாம் மாடியில் ஜெனோவா வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாக இறங்கி வருவார். ஒரு வீட்டில் பார்த்து முடித்ததும் அங்கேயே டீயும் பஜ்ஜியும். அவர் கூடத்தில் டீ குடிக்கும்போது பவளம் பக்கெட்டில், மேலே ஈரத்துண்டு போர்த்தி, பின்படி வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். ஒவ்வொரு தொட்டியிலும் முகத்தை வேறு பக்கம் திருப்பி வைப்பார்கள். அதன் கொம்புகளில் ஒன்று பிலவேந்திரனின் முழங்கை பட்டு முன்பு ஒடிந்து கோணலாக வளர்ந்திருந்தது. அந்தக் கோணல் கொம்பு பின்னால் போகும்படி வைப்பதற்கு அண்ணாச்சியே வந்து நிற்பார். வருடத்தில் மூன்று ஆய்வு இப்படியே நடந்தது. ஏழு வீட்டிலும் ஏழு பவளம் நலம் என்று வாரியம் குறித்துக்கொண்டது.

கவனிப்பான் சொன்னபடியெல்லாம் செய்தார்கள். வெளிச்சத்தைக் குறைத்தார்கள். பிலவேந்திரன் பக்கெட் பக்கெட்டாக உப்புத் தண்ணீர் கலந்து சுமந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வெள்ளை நகத்திலிருந்து விரலாயிற்று, விரலிலிருந்து பாதித் தண்டாயிற்று. இயந்திரத்தின் மரியாதை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. "தங்கள் கவலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்" என்றது ஒருநாள். ஜெனோவா அதன் மேல் டேபிள் துணியைப் போட்டு மூடினாள்.

அன்று இருவரும் சண்டை போட்டார்கள். வாரியத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள் அவள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சொன்னா ஏழு வீடும் போச்சு ஜெனோ. நம்ம வீட்டோட சேத்து."

"சொல்லலன்னா இது செத்துரும்."

"இன்னும் கொஞ்ச நாள்தான. அதுவரைக்கும் தாங்காதா?"

"தாங்குமா தாங்காதான்னு சொல்லத் தெரிஞ்சவங்ககிட்டதான் நாம பொய் சொல்லிருக்கோம்" என்றாள் ஜெனோவா. "பொய் சொன்னது நீங்க. தோலு உரியிறது அதுக்கு. இதுல புள்ள வளக்கப் போறோமாம்."

அவன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் கலக்கப் போனான்.

மரியாதைக்கு அண்ணாச்சியிடம் முதலில் சொன்னாள். அவர் பதறவில்லை, அவருக்குப் பதறிப் பழக்கமில்லை. கடைசி ஆய்வு முடியட்டும், அதற்குப் பிறகு அது செத்தால் இயற்கைச் சாவு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். கீழ் வீட்டுப் பெண்களையெல்லாம் நினைத்துப் பார்க்கச் சொன்னார். நினைத்துப் பார்த்துக்கொண்டேதான் ஜெனோவா போனை எடுத்தாள். சொர்ணவல்லியின் கைகள் ஞாபகத்துக்கு வந்து, எண்ணை அழுத்துமுன் ஒருமுறை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

ஆய்வாளர் சண்முகவடிவு அடுத்த நாள் காலையில் தனியாக வந்தார். ஐம்பது தாண்டியவர். நூல் சேலை, தோளில் துணிப்பை, கழுத்தில் கயிற்றில் கோத்த பூதக்கண்ணாடி. மூன்று ஆய்வுக்கும் வந்தவர் அவர்தான். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஜெனோவா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பக்கெட், ஈரத்துண்டு, பின்படி, ஆறு வீடு. அண்ணாச்சியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

சண்முகவடிவு கேட்டுக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். "வெள்ளைப் பேசின் ஏதாவது இருக்கா?" என்றார். "அப்புறம் சின்னப் புள்ளைகளுக்கு மருந்து ஊத்துற பில்லர் ஒண்ணு."

பேசின் இருந்தது. பில்லர் இருக்காது என்று பிலவேந்திரன் நினைத்தான். ஜெனோவா உள்ளே போய் பீரோவிலிருந்து ஒன்றை எடுத்துவந்தாள். உறையே பிரிக்காத புதுப் பில்லர். எப்போது வாங்கி வைத்தாள் என்று அவன் கேட்கவில்லை.

பேசினில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, பவளத்தை அதில் இறக்கி, பில்லரால் தண்ணீரை உறிஞ்சிக் கொம்புகளின் அடியில் வேகமாகப் பீய்ச்சினார் சண்முகவடிவு. ஒன்றுமில்லை. மறுபடி பீய்ச்சினார். பவளத்திலிருந்து தோல் துணுக்கு மாதிரி ஏதோ கழன்று சுழன்று பேசினின் அடியில் போய் விழுந்தது. விழுந்தது நகர ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஏழெட்டு.

"தட்டைப் புழு" என்றார். "இதோட சதையத் தின்னு இதோட நிறத்தையே போத்திக்கிடும். ஒட்டியிருந்தா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கவனிப்பானுக்கும் தெரியாது." பவளத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். வெளிறிய வட்டங்கள், கடித்த தடங்கள். வெறும் எலும்பின் மேல் பழுப்பாகப் பொடிப் புள்ளிகள். "இது முட்டை. மருந்துக் குளியல்ல புழு சாகும், முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. எலும்பு தெரியிற இடத்தப் பூரா வெட்டி எறியணும். மிச்சத்துல பொரிக்கப் பொரிக்க திரும்பத் திரும்பக் குளிப்பாட்டணும். விட்டுட்டா முதல்லருந்து ஆரம்பிக்கும்."

எங்கிருந்து வந்திருக்கும் என்று பிலவேந்திரன் கேட்டான். அந்த வீடுகளில் எங்காவது வெளியிலிருந்து வாங்கிய துண்டு இருந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஐந்தாம் மாடியை நினைத்து அவன் தலை குனிந்தான்.

"பொழைக்குமா மேடம்?" என்றாள் ஜெனோவா.

"இது பொழைக்கும். நேரத்துக்குச் சொல்லிட்டீங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜெனோவாவுக்கு அழுகை வந்தது. தன் விண்ணப்பம் போனது போனதுதான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். சண்முகவடிவு துணிப்பையிலிருந்து சின்ன வெட்டுக்கத்தியை எடுத்துப் பவளத்தின் செத்த பகுதிகளை வெட்டினார். பிறகு கோணல் கொம்பை ஒரு விரலால் தொட்டார்.

"இந்த ஒடிஞ்ச கொம்ப நான் ஏழு வீட்டுலயும் பாத்திருக்கேன்மா."

ஜெனோவா அழுகையை நிறுத்திவிட்டாள். "தெரியுமா? அப்புறம் ஏன் மேடம் ஒண்ணுஞ் சொல்லல?"

"ஏழுன்னு எழுதினா வாரியத்துக்கு ஏழு. ஒண்ணுன்னு எழுதினா ஒண்ணு. மேல இருக்கவங்களுக்கு எது பிடிக்கும்? எல்லாக் குடியிருப்புலயும் இதே கததான். உங்க வீட்டுலயாவது ஒண்ணு உசுரோட இருந்துச்சு. சில இடத்துல பிளாஸ்டிக்க வச்சுக் காட்டுதாங்க."

"அப்போ கடல்ல நட்டதெல்லாம்?"

சண்முகவடிவு ஜன்னலைப் பார்த்தார். எட்டாம் மாடியிலிருந்து கடல் நன்றாகத் தெரிந்தது. நீலமாக, சுத்தமாக, உள்ளே ஒன்றும் இல்லாததாக இருந்தது.

"நட்டோம். வெந்நீர்ல நட்ட மாதிரிதான். ஒண்ணுகூட நிக்கல." கத்தியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். அப்புறம் தயங்கித் தயங்கிப் பேசினார். திட்டத்துக்கு உதவி செய்கிற வெளிநாட்டுக் குழு அடுத்த மாதம் வருகிறது. கண்ணாடி அடிப்படகில் ஏறித் தீவுப் பக்கம் போய் நட்ட பவளத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். காட்டாவிட்டால் வாரியமும் கிடையாது, கருவகமும் கிடையாது. காட்டுவதற்கு மாவட்டம் முழுக்கத் தேடியும் இவ்வளவு பெரிதாக உயிருள்ள மான்கொம்புப் பவளம் வேறு இல்லை.

"ஒரு மணி நேரந்தாம்மா" என்றார். "பாத்துட்டுப் போயிருவாக."

பிலவேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனோவாவுக்கு வரவில்லை. அந்தச் சூட்டுக் கடலில் அது தாங்குமா என்று கேட்டாள். ஒரு மணி நேரம் தாங்கும், ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் கொண்டுவருகிறோம் என்றார் சண்முகவடிவு. நான் படகில் கூட வருவேன் என்றாள். சரி என்றார். ஏழு வீட்டுக்கும் கருவக அனுமதி வேண்டும், ஒரு வீடு விடாமல் என்றாள். இப்படிப் பேரம் பேசுவது தான்தானா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேசினாள்.

"ஏழும் கிடைக்கும்" என்றார் சண்முகவடிவு.

பவளம் தேறிவிட்டது. குளிப்பாட்டிக் குளிப்பாட்டிப் புழு ஒழிந்தது. வெட்டின இடத்தில் புதுச் சதை ஓரங்கட்டி ஏறியது. குழு வந்தது, படகின் கண்ணாடி வழியாக மண்ணில் நிற்கும் ஒற்றைப் பவளத்தைப் பார்த்துக் கைதட்டியது, இளநீர் குடித்தது, போயிற்று. குழுத் தலைவர் அந்தக் கோணல் கொம்பு இயற்கையின் பிழைக்கும் வேட்கையைக் காட்டுகிறது என்று பேசினாராம். பிலவேந்திரனின் முழங்கைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. கோமதிநாயகம் அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டு, தன் வித்தை கடல் வரைக்கும் போய்விட்டதே என்று ரொம்பவும் சந்தோஷப்பட்டார்.

அதன்பின் ஏழு வீட்டாரும் போய் உயிரணு கொடுத்துவந்தார்கள், பத்து மாதம் கழித்து ஏழு வீட்டுக்கும் கருவகத்திலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைகள் பைகளில் வளர்ந்து வெளியே வந்துவிட்டன, இன்னும் சிறிது காலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அதுவரை பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரம் குறித்திருந்தார்கள். முதலில் போய்வந்தவள் சொர்ணவல்லி. லிப்டில் ஜெனோவாவைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். "பொண்ணுக்கா" என்றாள். "இடது காதுக்குக் கீழ மொளகா வெத கணக்கா செவப்பா ஒரு மச்சம். எங்க நாத்தனாருக்கு அதே எடத்துல இருக்கு. எங்க வீட்டு அடையாளம் அப்பிடியே வந்துருச்சு பாருங்களேன்." ஜெனோவாவுக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்க அதே சந்தோஷத்தோடு இருந்தாள்.

மறுநாள் இவர்களுடைய முறை. கருவகத்தின் பார்வை அறை குளுகுளுவென்று இருந்தது. முகமூடி போட்ட நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து, "உங்க புள்ள" என்று ஜெனோவாவின் கையில் வைத்தாள். எடை அவள் நினைத்ததைவிடக் கூட இருந்தது. பிலவேந்திரன் குனிந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "எங்கப்பா மூக்கு" என்றான். "அப்பிடியே எங்கப்பா மூக்கு ஜெனோ." அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

குழந்தை தலையைத் திருப்பியது. இடது காதுக்குக் கீழே சிவப்பாக ஒரு மச்சம் இருந்தது.

ஜெனோவா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தலாம் என்று நினைத்தாள். கத்தினால் சொர்ணவல்லிக்கும் கேட்கும், கீழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும். ஏழு வீட்டுக்கு ஏழு என்று கேட்டு வாங்கியது அவள்தான். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. யாருடைய பிள்ளையாக இருந்தாலும் பிடி இறுக்கமாக இருந்தது, அதை விடுவிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன்னையறியாமல் துணியை விலக்கிக் கழுத்து மடிப்பு, அக்குள், முட்டியின் பின்பக்கம் என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்க ஆரம்பித்தாள். வெளிறிய வட்டம் எங்கும் இல்லை. இதுவரை இல்லை.

"எத்தன வீட்டுக்காரங்க வாராங்க சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நர்ஸ் முகமூடியைச் சரிசெய்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் வெளியே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இரண்டாம் மாடிக்காரி புதுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்திருந்தாள். ஜெனோவாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"நேரமாயிட்டும்மா" என்றாள் நர்ஸ்.

ஜெனோவா குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றினாள். மச்சம் உள்பக்கம் போகும்படி தலையைத் திருப்பி வைத்து நர்ஸிடம் கொடுத்தாள்.

"தூக்குறதுக்கு முன்னாடி எல்லாரையும் கை கழுவச் சொல்லுங்க" என்றாள்.